“அவனுக்கு வலியே தெரியாதுங்க”: ஆட்டிசம், வலி, புலன்கள் குறித்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மகனுக்கு 13 வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. அப்புறம் தெரபி சென்டர் பெஞ்சிலும் மாதாந்தர பெற்றோர் கூட்டத்திலும் உட்கார்ந்து பேசிய பேச்சுக்குக் கணக்கில்லை. அதில் அதிகம் அடிபடுவது வலி, சத்தம், தொடுதல் இந்த மூன்றும்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன். மருந்து, பரிசோதனை என்று வரும்போது உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

ஆட்டிசம் இருந்தா வலியே தெரியாதாமே, நிஜமாங்க?

இல்லை. இந்தப் பேச்சு பழையது. அதற்கு வலு சேர்த்தது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மருத்துவக் கையேடு, ஆட்டிசத்தின் அடையாளங்களில் புலன் வேறுபாட்டையும் சேர்த்தது. வலியையும் சூடு குளிரையும் பொருட்படுத்தாதது போலத் தோன்றுவது அதற்கு அங்கே தரப்பட்ட ஓர் உதாரணம். இந்தியாவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகப் போடும் ஐஎஸ்ஏஏ என்ற ஆட்டிச மதிப்பீட்டின் 40 அம்சங்களிலும் வலி உணராமை ஒன்று. “தோன்றுவது” என்ற சொல் வாய்வழியாக வரும்போது உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது “வலி தெரியாது” மட்டும்.

2004-இல் கனடாவில் வெளிவந்த ஓர் ஆய்வு. மூன்று முதல் ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கும்போது முகத்தை வீடியோ எடுத்து நொடி நொடியாகப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் முகத்தில் வலி நன்றாகவே தெரிந்தது. பெற்றோர் சொன்னதற்கும் முகத்தில் தெரிந்ததற்கும்தான் பொருந்தவில்லை. 2009-இல் பிரான்சில் நடந்த இன்னோர் ஆய்வில், ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது வெளியே பெரிதாக எதிர்வினை காட்டாத பிள்ளைகளுக்கும் இதயத் துடிப்பு மற்ற பிள்ளைகளைவிட அதிகமாக எகிறியது. உடல் நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் பீட்டா எண்டார்ஃபினும் ரத்தத்தில் கூடுதலாக இருந்தது. வெளியே கல்லுப் பிள்ளையார், உள்ளே படபடப்பு.

வலிச்சா ஏன் அழ மாட்டேங்கிறான்? அழுதாத்தானே எனக்குத் தெரியும்?

என் மகனுக்கு ஆறு வயதில் நடந்ததைச் சொல்கிறேன். மாடிப்படியில் கடைசி இரண்டு படி வழுக்கி விழுந்தான். அழவில்லை. எழுந்து போய் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று ராத்திரி “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். ஏதோ விளம்பர வசனம் என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுநாள் காலை தட்டில் இட்லி. வலது கையால் மட்டுமே சாப்பிடுகிறவன், இடது கையால் பிய்த்தான். அடுத்த நாளும் அதே இடது கை. எக்ஸ்ரே எடுத்தால் வலது மணிக்கட்டில் மெல்லிய விரிசல்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” யாருடைய வார்த்தை? என்னுடையது. அவன் விழும்போதெல்லாம் தூக்கித் தேய்த்துவிட்டு நான் சொன்னது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பேசப் பழகும் பிள்ளைக்கு வலியின் பெயரே “ஒண்ணுமில்ல” என்று ஆகியிருக்கிறது. இரண்டு நாளாக அவன் எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். இப்போது பிள்ளை விழுந்தால் “கை வலிக்குது” என்று, அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நான் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கே மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. குழந்தைகள் விழுந்ததும் முதலில் அம்மா முகத்தைப் பார்க்கும், அப்புறம்தான் அழும். கவனித்திருப்பீர்கள். அழுகையில் பாதி, அடுத்தவருக்குச் சொல்லும் சேதி. அப்படிச் சேதி அனுப்பும் பழக்கம் இல்லாத பிள்ளையிடம் வலி இருக்கும், அறிவிப்பு இருக்காது. சிலருக்கு அறிவிப்பு தாமதமாக வரும். மதியம் பட்ட அடிக்கு ராத்திரி கத்துவார்கள். நமக்குக் காரணம் புரியாது.

விழுந்தா அழாதவ, தலை சீவினா ஊரைக் கூட்டுறா. நடிக்கிறாளா?

நடிப்பு இல்லை. ஒரே உடம்பில் ஓர் உணர்வு மந்தமாகவும் இன்னொன்று மிகக் கூர்மையாகவும் இருப்பது ஆட்டிசத்தில் சாதாரணம். மெல்லிய தொடுதலையும் அடியையும் சுமந்து போகும் நரம்பு இழைகள் வேறுவேறு. அதனால் சீப்பு, நகவெட்டி, பனியன் கழுத்தில் இருக்கும் லேபிள், சாக்ஸ் தையல் இதெல்லாம் அவளுக்கு முள் மாதிரி இருக்கலாம். இறுக்கிக் கட்டிப்பிடித்தால் அதே பிள்ளை நிம்மதியாக மூச்சு விடும்.

2016-இல் ஹார்வர்டில் எலிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள சில மரபணுக்களை, மூளையைத் தொடாமல், தொடுதலை உணரும் புற நரம்புகளில் மட்டும் மாற்றினார்கள். எலிகள் லேசான தொடுதலுக்கே துள்ளின, பதற்றமும் கூடியது. எலியில் கண்டதை அப்படியே பிள்ளைமேல் ஏற்ற முடியாதுதான். ஆனால் “எல்லாம் மனசுல இருக்கு” என்று சொல்கிற சித்தப்பாவுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

நடைமுறைக்கு வருகிறேன். தலை சீவும்போது எண்ணெய் வைத்து, முடியை வேர்ப்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிக்கெடுங்கள். நகத்தைக் குளித்து முடித்ததும் வெட்டுங்கள், ஊறி மெத்தென்று இருக்கும். லேபிளைக் கத்தரித்தால் போதாது, தையலைப் பிரித்து எடுங்கள். வெட்டிய விளிம்பு இன்னும் மோசமாகக் குத்தும்.

ஐம்புலன்தானே? ஓ.டி. மேடம் எட்டுன்னு சொல்றாங்களே?

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் நமக்குத் தெரிந்தது. ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள், அதாவது அன்றாட வேலைகளைப் பழக்கும் தெரபிஸ்டுகள், சேர்த்துச் சொல்வது மூன்று: உடம்பு சாய்கிறதா சுழல்கிறதா என்று உள்காது சொல்லும் சமநிலை உணர்வு, கண்ணை மூடிக்கொண்டாலும் கை எங்கே கால் எங்கே என்று தசையும் மூட்டும் சொல்வது, பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, நெஞ்சு படபடப்பது என்று உடம்புக்குள்ளிருந்து வரும் சேதி. மூன்றாவதை உள்ளுணர்வு என்று சொன்னால் பொருள் மாறிவிடும், “உடல் உள் உணர்வு” என்று வைத்துக்கொள்வோம். வலி விஷயத்தில் இதுதான் முக்கியம். வயிற்றில் ஏதோ ஆகிறது என்று தெரியும், அது பசியா வலியா மலம் முட்டுகிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. சாப்பிட்டு அரைமணியில் மறுபடி சோறு கேட்கும் பிள்ளைக்கு நெஞ்செரிச்சலாகவும் இருக்கலாம்.

மிக்ஸி போட்டா காதைப் பொத்துறான். அவனே டிவியை அலற விடுறான். இது என்ன கணக்கு?

ரிமோட் யார் கையில் இருக்கிறது என்ற கணக்கு. எப்போது வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும், யார் நிறுத்துவார் என்று தெரியாத சத்தம் மோசமானது. குக்கர் விசில், பலூன், கல்யாண மண்டபத்தில் கெட்டி மேளம் எல்லாம் அந்த வகை. ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர்களில் ஒருவரான லியோ கானர் 1943-இல் எழுதிய கட்டுரையிலேயே, பலத்த சத்தத்துக்கு மிரண்டுபோன பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதிலும் ஒரு குழந்தை தானே உண்டாக்கும் சத்தத்தால் தொந்தரவு அடைவதில்லை என்பதைக் கவனித்திருந்தார்.

அதனால் மிக்ஸி ஸ்விட்சை அவன் கையில் கொடுங்கள். “ஒண்ணு, ரெண்டு, மூணு” எண்ணிவிட்டு அவனே போடட்டும், அவனே அணைக்கட்டும். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்தில் சட்னி அரைப்பது அவன் வேலையாகிவிட்டது. காதை மூடும் ஹெட்போன் திருவிழா, பட்டாசு, பஸ் ஸ்டாண்டு மாதிரி இடங்களுக்கு நல்லது. வீட்டில் நாள் முழுக்க மாட்டிவிட்டால் சாதாரணச் சத்தம்கூடப் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கலாம், அளவோடு வையுங்கள்.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு “மிக்ஸிக்குப் பயப்படுறானே, காது நல்லாத்தான் இருக்கு” என்று முடிவு கட்டாதீர்கள். சில அலைவரிசைகள் கேட்டு, சில கேட்காமல் இருக்கலாம். காதும் கேட்கும் நரம்பும் சரியாக இயங்குகின்றனவா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் ஒருமுறை எடுத்துவிடுங்கள். பிள்ளை தூங்கும்போதே எடுக்கலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

பாப்பா பேச மாட்டா. எங்க வலிக்குதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பதில் கொஞ்சம் நீளம். முதலில் நல்லா இருக்கும் நாளில் ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறாள், எந்தக் கையால் எடுக்கிறாள், எப்படி உட்காருகிறாள், என்ன சத்தம் போடுகிறாள், எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் போகிறாள். இரண்டு பக்கம் போதும். வலியை இந்த நோட்டிலிருந்து விலகுவதை வைத்துத்தான் பிடிக்க முடியும். இட்லித் தட்டில் இடது கையைப் பார்த்த அன்றைக்கு என்னிடம் நோட்டு இருந்திருந்தால் ஒரு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்.

பேசாத பிள்ளைகளின் வலியை அளக்கவே பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றில் 30 குறிகள்: முனகல், முகச்சுளிப்பு, விலகிப்போவது, ஓர் உறுப்பைத் தொடவிடாமல் காப்பது, வியர்வை, சாப்பாடு, தூக்கம் என்று போகும். இன்னொன்று முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறாளா என்ற ஐந்துக்கும் 0, 1, 2 என்று போட்டு, மொத்தம் 10-க்குக் கணக்கிடுவது. இதன் திருத்திய வடிவத்தில் “என் பிள்ளைக்கு வலித்தால் இப்படிச் செய்வாள்” என்று பெற்றோரும் எழுதிச் சேர்க்கலாம். பெயர் ஆர்-ஃப்ளாக். குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம் தலையிலிருந்து கால்வரை தேடுங்கள். காது, பல், ஈறு, தொண்டை, வாய்ப்புண், வயிறு, அக்குள், தொடை இடுக்கு, விரல் இடுக்கில் சுற்றிய முடி, நகச்சுற்று, உள்ளங்கால். அனுபவத்தில் அதிகம் மாட்டுவது மூன்று: பல், காது, மலச்சிக்கல். மலச்சிக்கலை யாரும் வலியாகவே எடுத்துக்கொள்வதில்லை. நாலு நாள் போகாத பிள்ளை ஐந்தாம் நாள் பக்கத்துப் பையனைக் கடித்தால் “பிஹேவியர்” என்று எழுதிவிடுகிறார்கள். கத்தல் மட்டும் அறிகுறி என்றும் நினைக்காதீர்கள். எப்போதும் ஓடுகிறவள் மடியில் வந்து சாதுவாகப் படுத்தால் நான் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

திடீர்னு சுவத்துல தலையை முட்ட ஆரம்பிச்சிட்டான். காட்டினா “ஆட்டிசம்னா அப்படித்தான்”னு சொல்லி அனுப்பிட்டாங்க.

ஆட்டிசம் பிறந்ததிலிருந்தே இருக்கிறது, முட்டுவது போன வாரம் வந்தது. இந்த ஒரு வரியை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். புதிதாக வந்த பழக்கத்துக்குப் புதிய காரணம் தேட வேண்டும். காது, பல், சைனஸ், தலைவலி, கண் இவற்றைப் பார்க்காமல் “அப்படித்தான்” என்பது பதில் ஆகாது. முட்டும்போது வீடியோ எடுத்து வையுங்கள். எந்தப் பக்கம் முட்டுகிறான், சாப்பிட்டதுமா, படுத்ததுமா, ராத்திரியிலா என்று தேதி போட்டுக் கொடுங்கள். சண்டை போட வேண்டாம். “காதைக் கருவி வைத்துப் பார்த்துச் சொல்லுங்க டாக்டர்” என்று குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் பார்த்துவிடுவார்கள்.

பேசுற பிள்ளைதான். ஆனா “வலி 0-லேருந்து 10-க்குள்ள எவ்வளவு”ன்னா முழிக்கிறான்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் எப்போது கேட்டாலும் ஏழு என்பான், அவனுக்குப் பிடித்த எண் ஏழு. சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை ஆறு படம் போட்ட அட்டையும் இப்படித்தான். அதில் வலியைக் காட்டச் சொன்னால் “நான் அழலையே” என்று சிரிக்கும் முகத்தைத் தொட்டுவிடுவான்.

எங்களுக்குப் பயன்பட்டது ஒப்பீடு. “எறும்பு கடிச்ச மாதிரியா, கதவுல விரல் நசுங்கின மாதிரியா?” இரண்டும் அவனுக்கு நடந்தவையாக இருக்க வேண்டும். “வலிக்குதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், “வலிக்குதா” என்றே திரும்பி வரும். அல்லது எல்லாவற்றுக்கும் “ஆமா” வரும். உடம்புப் படம் வரைந்து இடத்தைத் தொடச் சொல்லலாம். நன்றாக இருக்கும்போதே விளையாட்டாகப் பழக்கினால்தான் ஆஸ்பத்திரியில் கைகொடுக்கும்.

ஊசி, ரத்த டெஸ்ட்னா நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கு. வேற வழி?

இருக்கிறது. லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரத்துப்போகச் செய்யும் கிரீமை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். குத்தும் இடத்தில் ஒரு மணிநேரம் முன்னாடி தடவி, மேலே பிளாஸ்டிக் ஷீட் ஒட்ட வேண்டும். பத்து நிமிஷம் முன்னால் தடவிவிட்டு “வேலை செய்யல” என்கிறவர்கள் அதிகம். கிரீமின் பிசுபிசுப்பே ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் வீட்டில் ஒருமுறை வெறும் கிரீம், பிளாஸ்டர் போட்டுப் பழக்குங்கள்.

“வலிக்காது” என்று பொய் சொல்லாதீர்கள். “குத்தும், அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்” என்று சொல்லி, நிஜமாகவே ஐந்து எண்ணுங்கள். பஞ்சில் ஸ்பிரிட் தடவும் குளிர்ச்சிதான் சிலருக்கு ஊசியைவிடப் பெரிய தொல்லை. முதல் டோக்கன் கேட்டு வாங்குங்கள். நாலு பேர் அமுக்கிப் பிடித்த நினைவு, குத்திய வலி போன பிறகும் வருஷக்கணக்கில் நிற்கும்.

குலதெய்வத்துக்கு மொட்டை, காது குத்து வேண்டியிருக்கோம். மாமியார் “அவனுக்குத்தான் வலிக்காதே”ங்கிறாங்க.

முதல் கேள்வியின் பதிலை மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள். காது குத்துவதற்கும் மேலே சொன்ன கிரீம் உதவும், டாக்டரிடம் குத்திக்கொண்டு கோயிலுக்குப் போகலாம். மொட்டையில் சிரமம் வலியைவிட வேறு விஷயம்: தண்ணீர் வழிவது, கத்தி உரசுவது, கழுத்தில் முடி ஒட்டுவது, சுற்றி நாலு பேர் கத்துவது. எங்கள் வீட்டில் பூ முடி இறக்கினோம், மூன்று கத்தரி. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஸ்கூல்ல “எவ்வளவு அடிச்சாலும் இவனுக்கு உறைக்கவே இல்ல”ன்னு சொல்றாங்க.

அப்படியென்றால் அடிக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் அதை நிறுத்துங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

நம் மொழியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. வெட்கமில்லாதவனைத் திட்ட “சூடு சொரணை இல்லாதவன்” என்போம். உடம்பில் சூடு தெரியாததும் மனதில் மானம் இல்லாததும் ஒன்று என்று அந்த வசவு சொல்கிறது. முகம் சுருங்காத பிள்ளையைப் பார்த்ததும் வாத்தியாருக்கு அதுதான் நினைவு வருகிறது, திமிர் என்று எண்ணி இன்னும் ஓங்குகிறார். உள்ளே என்ன நடக்கிறது என்பதை பிரான்ஸ் ஆய்வில் பார்த்தோம். எதற்காக அடி என்று புரியாது, அடித்தது மட்டும் உடம்பில் தங்கும். உறவில் யாராவது “சூடு போட்டால் சரியாகும்” என்றால் அந்த வீட்டுக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கையைக் கடிச்சுத் தழும்பே ஆயிடுச்சு. வலிச்சா கடிப்பாளா?

கடிப்பாள். பல் வலிக்கும்போது நாம் ஈறை அழுத்துவதில்லையா? ஒரு வலியை இன்னொரு அழுத்தத்தால் அமுக்குவது மனிதர் எல்லாருக்கும் உள்ள வழி. சத்தம் தாங்காமல், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல், அல்லது கடித்தால் கேட்டது கிடைக்கிறது என்று பழகி, இப்படிக் காரணம் பல. முதலில் உடம்பைத் தேடுங்கள், பேசாத பிள்ளை கேள்வியில் சொன்ன வரிசைப்படி. அப்புறம் எப்போது கடிக்கிறாள் என்று குறித்துக்கொண்டு தெரபிஸ்டிடம் போங்கள்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 1979-இல் யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர், மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள் ஆட்டிசத்தில் அதிகமோ என்று ஒரு கருத்தை முன்வைத்தார். அப்படியானால் வலி மரத்திருக்க வேண்டும். அதைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குத் துறுதுறுப்பு கொஞ்சம் அடங்கியது, தன்னைக் காயப்படுத்துவது நிச்சயமாகக் குறையும் என்று சொல்லும்படியான முடிவு வரவில்லை. கோதுமை, பாலை நிறுத்தச் சொல்லும் டயட்டும் இந்தக் கருத்தின் கிளைதான். அதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. நாலு பண்டம் மட்டும் சாப்பிடும் பிள்ளையிடம் இரண்டைப் பிடுங்குவதற்கு முன் யோசியுங்கள்.

சென்சரி தெரபி, வெயிட்டட் பிளாங்கெட்… பணம் கொட்டலாமா?

கொட்ட வேண்டாம், எண்ணிச் செலவழியுங்கள். ஊஞ்சல், அழுத்தம், தொடு விளையாட்டு என்று புலன்களைப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்பு தெரபி பற்றி 2014-இல் அமெரிக்காவில் 32 பிள்ளைகளை வைத்து நடந்த சோதனை, பெற்றோர் குறித்துக் கொடுத்த இலக்குகளில் முன்னேற்றம் காட்டியது. 2022-இல் பிரிட்டனில் 138 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய சோதனையில் வழக்கமான கவனிப்பைவிட மேலான பலன் தெரியவில்லை. உள்ளே எடை வைத்துத் தைத்த எடைப் போர்வையால் தூக்கம் கூடுமா என்று 67 பிள்ளைகளிடம் பார்த்த 2014 பிரிட்டன் ஆய்வில் தூக்கம் கூடவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் போர்வை பிடித்திருந்தது.

என் அபிப்பிராயம்: “சென்சரி சரி பண்ணித் தர்றோம்” என்கிற இடத்துக்குப் போகாதீர்கள். “ரெண்டு மாசத்துல பல் தேய்க்க விடுவான், இல்லேன்னா வழியை மாத்துவோம்” என்கிற ஓ.டி. கிடைத்தால் விடாதீர்கள். எடைப் போர்வையைச் சின்னக் குழந்தைக்கும், தானே விலக்கத் தெரியாதவர்களுக்கும் போடக் கூடாது. கட்டிப்பிடிக்கும் அழுத்தம் வேண்டும் என்றால் பாயில் சுருட்டிப் “பாய் ரோல்” விளையாடலாம், தலை வெளியே இருக்கும்படி. டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஆட்டிசம் உள்ளவர், மாடுகளை அசையாமல் நிறுத்தும் தடுப்பைப் பார்த்துவிட்டு, இளம் வயதில் தனக்கென ஓர் அழுத்தப் பெட்டியே செய்துகொண்டார். விசை அவர் கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள், நம் மிக்ஸி ஸ்விட்ச் மாதிரியேதான்.

“சத்தத்துல விட்டுப் பழக்கு, தானா சரியாயிடும்”ங்கிறார் மாமனார்.

பழக்குவது வேறு, தள்ளிவிடுவது வேறு. படிப்படியாக, பிள்ளை நிறுத்தச் சொன்னால் நிற்கும் என்ற உறுதியோடு செய்தால் பலருக்கு எல்லை விரியும். தேர்த்திருவிழாவில் ஸ்பீக்கர் அடியில் நிறுத்தினால் அடுத்த வருஷம் அந்தத் தெருவுக்கே வர மாட்டான்.

சுடுதண்ணில கையை விட்டுட்டு நிக்கிறான். பயமா இருக்கு.

பயப்பட வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தில் “வலி இருக்கும், காட்ட மாட்டான்” என்று தத்துவம் பேசாமல், அவன் உணர மாட்டான் என்றே வைத்துக்கொண்டு வீட்டை மாற்றுங்கள். ஹீட்டர் அளவைக் குறையுங்கள், வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர் அப்புறம் வெந்நீர், தோசைக்கல் அடுப்பின் பின்பக்கம். தினமும் குளிக்கும்போது உள்ளங்கால்வரை காயம் பாருங்கள்.

நிஜமாவே வலி தெரியாத வியாதி ஒண்ணு இருக்காமே? அது இதுவா?

பெரும்பாலும் இல்லை. பிறவியிலேயே வலி உணராமை மிக அபூர்வம். அதற்குக் காரணமான ஒரு மரபணுவை 2006-இல் வடக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த சில குடும்பங்களில் கண்டுபிடித்தார்கள். பல் முளைத்த நாளிலிருந்தே நாக்கு நுனியும் விரல் நுனியும் கடித்துப் புண்ணாவது, அடிக்கடி எலும்பு முறிவது, சிலருக்கு வியர்க்காமல் காய்ச்சல் ஏறுவது இதெல்லாம் சேர்ந்திருந்தால் மரபியல் மருத்துவரைப் பாருங்கள். 22-ஆம் குரோமோசோமின் நுனி இல்லாமல் போகும் ஃபீலன்-மெக்டெர்மிட் என்ற நிலையும் உண்டு. ஆட்டிசம், பேச்சின்மை, தளர்ந்த தசையோடு வலிக்கான எதிர்வினையும் அதில் குறைந்திருக்கும். மரபணுப் பரிசோதனையில் தெரியும்.

வலியா பிஹேவியரான்னு தெரியலேன்னா பாரசிட்டமால் குடுத்துப் பார்க்கலாமா?

டாக்டர்களே சில சமயம் இப்படிச் செய்துபார்ப்பது உண்டு. எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்து, ஒரு மணிநேரத்தில் நடத்தை மாறுகிறதா என்று கவனிப்பார்கள். நீங்களாகத் தினமும் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் கல்லீரலுக்குக் கேடு. வயிற்றைத் தொடவிடாமல் சுருண்டு படுத்தால், வாந்தி நிற்காவிட்டால், ஒரு காலை ஊன்ற மறுத்தால் மாத்திரை விளையாட்டே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எனக்கே 34 வயசு. போன வருஷம்தான் ஆட்டிசம்னு தெரிஞ்சுது. உடம்பு முழுக்க வலி, யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

நம்புகிறேன். இஸ்ரேலில் நடந்து 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள 52 பெரியவர்களிடம் வலி தரும் தூண்டல்களை வைத்து அளந்தபோது, மற்றவர்களைவிட அவர்களுக்கு வலி கூடுதலாகவே தெரிந்தது. முதல் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. மூட்டு அதிகம் வளையும் உடல்வாகு ஆட்டிசம் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது, அதனாலும் வலி வரும், ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தன் உணர்ச்சியை இனம்கண்டு பெயர் வைப்பதே சிரமம்.

நீங்கள் அமைதியான முகத்தோடு, சரளமாக “தாங்க முடியல” என்று சொல்லியிருப்பீர்கள். டாக்டர் முகத்தைத்தான் பார்த்திருப்பார். “என் முகத்தில் தெரியாது, எனக்கு ஆட்டிசம்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வலியால் எதெல்லாம் நின்றது என்று எழுதிக் கொண்டுபோங்கள்: மாடி ஏறுவதில்லை, மாதவிடாய் வந்தால் இரண்டு நாள் லீவு, ராத்திரி மூன்று தடவை விழிப்பு. பெண்களுக்கு அந்த மாதவிடாய் வரியை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களே சொல்ல வேண்டும்.

என் பையன் என்னைக்காவது வலியைச் சொல்லக் கத்துக்குவானா?

என் வீட்டு நிலவரத்தை மட்டும் சொல்கிறேன். ஏழு வருஷமாகக் “கை வலிக்குது, கால் வலிக்குது” என்று அவனுக்காக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம், நான் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது, அலமாரியிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்துவந்து என் கையில் வைத்தான். எங்கேடா என்றேன். முழங்காலைக் காட்டினான். தடவிப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுபடி முழங்காலையே காட்டினான். உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தால், குதிகாலில் நெருஞ்சி முள். கால் சரி, இடம்தான் ஒரு முழம் தள்ளி.